வயிறற்ற இயற்கை

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். 'சூழலியலும் தமிழ்க் கவிதையும்' என்பது தலைப்பு. பேச்சாளர் நல்ல வாசகர், குரல்வளமும் உடையவர். குறிஞ்சியின் காந்தள், முல்லையின் கார்காலம், நெய்தலின் நாரை என ஐந்திணையையும் ஒரு சுற்று சுற்றிவந்தார். இறுதியில் மலைகளை வெட்டிக் கல்லாக்குகிறவர்களையும் ஆற்றுமணலை அள்ளுகிறவர்களையும் சாடத் தொடங்கியபோது குரல் உயர்ந்தது. "இந்தப் பிணந்தின்னிக் கழுகுகள்" என்றார். அரங்கம் கைதட்டியது. நானும்தான் தட்டினேன். மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்த கைகளுக்கு அது பழக்கம்.

வீடு திரும்பும் பேருந்தில் அந்தச் சொல் உறுத்தத் தொடங்கியது. இயற்கையைக் காக்க வேண்டுமென்று ஒன்றரை மணிநேரம் பேசிய ஒருவருக்கு, அதை அழிப்பவரைத் திட்டக் கிடைத்த சொல், இந்த நாட்டில் ஏறத்தாழ அழிந்தேபோன ஒரு பறவையின் பெயர். மணல் அள்ளுகிறவர் உயிரோடிருக்கும் ஆற்றைக் கொல்கிறார். அந்தப் பறவையோ பெரும்பாலும் எதையும் கொல்வதில்லை; செத்ததைத் தின்று, அந்த இடத்தை மற்ற உயிர்களுக்குத் துப்புரவாக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறது. உவமை தலைகீழாக நிற்கிறது. உவமை இலக்கணத்தை ஆண்டுதோறும் கற்பிக்கிற எனக்கும் கைதட்டும்போது அது தெரியவில்லை.

ஆகவே இது அந்த நண்பர்மீது தொடுக்கும் வழக்கன்று. தமிழ் படித்தவர்கள், படிப்பிக்கிறவர்கள், கவிதை எழுதுகிறவர்கள் ஆகிய நம் அனைவர்மீதும் தொடுக்கும் வழக்கு. நாம் இயற்கையை ரசிக்கிறோம் என்பதில் ஐயமில்லை. நாம் ரசிக்கிற இயற்கைக்கு நிறம் உண்டு, குரல் உண்டு, மணம் உண்டு. வயிறு மட்டும் இல்லை. அங்கே மான் துள்ளுகிறது, மேய்வதில்லை. மயில் ஆடுகிறது, பாம்பைக் கொத்துவதில்லை. எதுவும் எதையும் தின்பதில்லை, செரிப்பதில்லை, கழிப்பதில்லை. இப்படி ஓர் உலகம் எங்கும் இல்லை. இல்லாத ஒன்றை ரசித்துக்கொண்டிருந்த காலத்தில், இருந்த ஒன்று நம் கண்முன்னே போய்விட்டது என்பதே என் வாதம்.

* * *

எல்லோருக்கும் பிடித்த விலங்கிலிருந்து தொடங்குவோம். பசு.

பசு புல் தின்னும் சாதுவான பிராணி என்று முதல் வகுப்பில் படிக்கிறோம். அந்த வாக்கியத்தில் பாதிதான் உண்மை. பசு புல்லை மெல்லுகிறது, விழுங்குகிறது. ஆனால் புல்லின் நாரைப் பிளக்கும் திறன் பசுவின் உடலுக்கு இல்லை. நான்கு அறைகள் கொண்ட அதன் இரைப்பையில் முதல் அறை நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் ஒரு நொதிக்கலன். காற்றில்லாத அந்த இருட்டில், ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடி என்ற அளவில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாரை உடைப்பவை அவைதாம். அவை வெளியேற்றும் கொழுப்பு அமிலங்களை இரைப்பையின் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. பசுவின் ஆற்றலில் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது. பசு படுத்துக்கொண்டு அசைபோடுவது, அந்த நுண்ணுயிர்களுக்கு உணவை இன்னும் பொடியாக அரைத்துக் கொடுப்பதற்கு. நினைவுகளை அசைபோட்டேன் என்று எழுதாத தமிழ் எழுத்தாளர் அரிது. அசைபோடுகிற பசு யாருக்காக அரைக்கிறது என்று யோசித்தவர் அதைவிட அரிது.

கதை அத்துடன் முடியவில்லை. முதல் அறையிலிருந்து நுண்ணுயிர்கள் கூட்டங்கூட்டமாக நான்காம் அறைக்கு அடித்துச் செல்லப்படுகின்றன. அங்கே அமிலமும், நுண்ணுயிர்களின் சுவரை உடைப்பதற்கென்றே சுரக்கும் நொதியும் காத்திருக்கின்றன. தான் வளர்த்த கூட்டத்தையே பசு செரித்துவிடுகிறது. அதன் தசைக்கும் பாலுக்கும் வேண்டிய புரதத்தில் பெரும்பங்கு இப்படி வருவதுதான். சைவம், அசைவம் என்று நாம் போட்ட கோடு பசுவின் வயிற்றுக்குள்ளேயே அழிந்துபோகிறது. பசுவின் பெருமைக்கு இதனால் குறைவொன்றும் இல்லை. நான் சொல்ல வருவது, அது தனி விலங்கன்று, ஒரு கூட்டுக்குடும்பம் என்பதே. பிறந்த கன்றின் வயிற்றில் இந்தக் கூட்டம் முழுமையாக இருப்பதில்லை. தாய் நக்கும்போதும், மற்ற மாடுகளோடு திரியும்போதும், மண்ணில் மேயும்போதும்தான் அது வந்து குடியேறுகிறது.

பசு போடுகிற சாணத்துக்கும் உண்ணுவோர் உண்டு. கிராமத்துப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துச் சிரித்துக்கொண்டே பெயர் சொல்லும் வண்டு ஒன்று, சாணத்தை உருட்டிக்கொண்டுபோய் மண்ணுக்குள் புதைத்து அதில் முட்டையிடும். இதன் அருமையை அறிந்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். 1788இல் ஐரோப்பியர் அங்கே மாடுகளைக் கொண்டு இறக்கினார்கள். அந்தக் கண்டத்து வண்டுகளோ கங்காரு போன்றவற்றின் காய்ந்த புழுக்கைக்குப் பழகியவை. மாட்டின் ஈரச்சாணத்தைப் பெரும்பாலும் அவை தொடவில்லை. சாணம் மேய்ச்சல் நிலத்திலேயே கிடந்து காய்ந்தது. அதன் அடியில் புல் செத்தது, அதன் மேல் ஈ பெருகியது. ஜார்ஜ் போர்னமிஸா என்ற பூச்சியியலாளரின் யோசனைப்படி, 1960களின் இறுதியிலிருந்து வெளிநாட்டுச் சாணவண்டுகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் பல இடங்களில் நிலைமை மாறியது. ஒரு நாடு வண்டுக்காகக் கப்பலையும் விமானத்தையும் அனுப்பியது. நம்மிடம் அந்த வண்டு இனாமாக இருக்கிறது. தமிழ்க் கவிதையில் வண்டென்றால் மலரில் தேனருந்தும் வண்டுதான். சாணம் உருட்டும் வண்டுக்கு அங்கே இடமில்லை.

* * *

அந்தப் பசு ஒருநாள் சாகிறது. அப்போது யார் வருகிறார்கள்?

ஒரு தலைமுறைக்கு முன்புவரை இந்தக் கேள்விக்கு இந்தியா முழுவதும் ஒரே விடை இருந்தது: பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் வைத்த பெயர் ஒரு புறமிருக்க, பாறு என்பதே அதன் பழைய தமிழ்ப்பெயர். பெருங்கூட்டமாக இறங்கினால் ஒரு மாட்டை ஒரு மணிநேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அந்தப் பந்தியிலும் வேலைப் பிரிவினை உண்டு. தடித்த தோலைக் கிழிக்க வலிய அலகுடையவை வேண்டும். சில நேரம் நரியோ நாயோ புலியோ முன்பே திறந்து வைத்திருக்கும். நீண்ட, இறகு குறைந்த கழுத்துடையவை உள்ளே தலையை நுழைத்துத் தின்னும். மெல்லிய அலகுடைய மஞ்சள்முகப் பாறு கடைசியில் வந்து துணுக்குகளைப் பொறுக்கும். வானத்தில் ஒன்று இறங்குவதைத் தொலைவில் பறக்கும் இன்னொன்று பார்க்கும். அதைப் பார்த்து மற்றொன்று வரும். நம் நாட்டுப் பாறுகள் இரையைத் தேடுவது மூக்கால் அன்று, கண்ணால். தம் கண்ணால் மட்டுமன்றி, பிற பறவைகளின் கண்ணாலும்.

அவற்றின் இரைப்பையின் அமிலம் மிகக் கடுமையானது. அடைப்பான் நோயால் செத்த மாட்டைத் தின்றும் அவை பொதுவாக நோயுறுவதில்லை. அமெரிக்கப் பாறு இனங்கள் இரண்டில் செய்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, முகத்தோலில் சராசரியாக 528 வகை நுண்ணுயிர்களையும் குடலில் 76 வகைகளை மட்டுமே கண்டது. வாய்வழியே போன பெரும்பாலானவை வயிற்றோடு முடிந்துபோகின்றன. எஞ்சியவற்றில் முதன்மையானவை, நமக்கு நஞ்சாகக்கூடிய இனத்தைச் சேர்ந்தவை. பாறின் குடலில் அவை குடித்தனம் நடத்துகின்றன. பசுவின் வயிறு புல்லைப் பாலாக்குகிறது என்று வியக்கிறோம். பாறின் வயிறு நோயின் வழியை அடைக்கிறது. அதைக் கண்டு மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம்.

மூக்கைப் பிடிக்காத இடம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் உச்சிவேளையில் இரண்டு பறவைகள் வந்து அர்ச்சகர் கையால் பொங்கல் உண்டு செல்லும். காசியில் நீராடி இராமேசுவரம் செல்லும் வழியில் உணவுக்காக இறங்கும் முனிவர்கள் என்பது ஐதிகம். அவை மஞ்சள்முகப் பாறுகள். அந்த முகத்தின் மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது என்று 2002இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்து எழுதினார்கள்: குளம்புடைய விலங்குகளின் சாணத்தைத் தின்பதிலிருந்து. நாம் முனிவர் முகத்தில் கண்ட பொன்னொளி மாட்டுச் சாணத்தில் கிடைத்தது. 1990களுக்குப் பிறகு அந்த முனிவர்கள் வருவதில்லை. கலியுகம் முற்றிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். இந்தியா முழுவதும் மஞ்சள்முகப் பாறுகள் குறைந்துகொண்டிருந்த காலம் அது.

* * *

ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் பாறுகள் கழுத்து தொங்கி, மரத்திலிருந்து விழுந்து சாவதை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் கவனித்து 1999இல் எழுதினார். காரணம் தெரியவில்லை. 2004இல் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் செய்த ஆய்வில் விடை கிடைத்தது: டைக்ளோஃபினாக். நாம் மூட்டுவலிக்குப் போட்டுக்கொள்ளும் அதே மருந்து. 1990களில் அது மலிவாகி, நொண்டும் மாட்டுக்கும் மடிவீங்கிய மாட்டுக்கும் ஊசியாகப் போடப்பட்டது. போட்ட சில நாளில் மாடு செத்தால் மருந்து அதன் உடலில் இருக்கும். அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் வெண்பூச்சாக உள்ளுறுப்புகளில் படியும். சில நாளில் சாவு.

செத்த மாடுகளில் நூறில் ஒன்றுக்கும் குறைவானதில் அந்த மருந்து இருந்தாலே இத்தகைய பேரழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு மாட்டை நூறு பறவைகள் பகிர்ந்துண்டால் நஞ்சையும் நூறும் பகிர்ந்துகொள்கின்றன. பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். பருவமடைய ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆகும். சாவின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் மறைந்தன. வேறிரு இனங்களில் ஏறத்தாழத் தொண்ணூற்றேழு. கோடிக்கணக்கில் இருந்ததாக மதிப்பிடப்பட்ட பறவைகள் பதினைந்தே ஆண்டுகளில் ஆயிரங்களில் எண்ணும்படி ஆகிவிட்டன.

பந்தியில் ஒரு வரிசை எழுந்துபோனால் இலை காலியாக இருக்காது. பிணங்களுக்கு நாய்களும் எலிகளும் வந்தன. அவற்றின் வயிறு நோயைத் தடுக்கும் வயிறன்று. ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளியலாளர் இருவர் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாறுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும் அவை வாழ ஏற்றவையல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2000 முதல் 2005 வரை பாறுகள் இல்லாமற்போனதால் கூடுதலாக இறந்த மனிதர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் என்று மதிப்பிட்டார்கள். வெறிநாய்க் கடியும் பிணம் கலந்த நீரும் அவர்கள் காட்டும் வழிகள். மும்பையில் பார்சிகள் இறந்தோரைப் பாறுகளுக்கு ஒப்படைக்கும் கோபுரங்களில், பறவைகள் வராததால் சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளை நிறுத்த வேண்டியதாயிற்று.

திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் உண்டு. அதன் பத்துக் குறள்களில் பாதிக்கு மேல் எந்த மருந்தையும் சொல்வதில்லை. முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து உண் என்பதையே அவை திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மருந்தைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் வயிற்றைப் பற்றிப் பேசிய நூலைப் பாராட்டிப் பட்டிமன்றம் நடத்துகிறோம். ஒரு மருந்து ஒரு வயிற்றிலிருந்து இன்னொரு வயிற்றுக்குப் போய் ஒரு நாட்டின் வானத்தையே காலிசெய்த கதை நம் பட்டிமன்றத்துக்கு வரவில்லை.

* * *

இனி, சொல்லத் தயங்கும் இடத்துக்கு வருகிறேன்.

பாறு மட்டும் ஏன் வசவாயிற்று? புலி கொல்கிறது, அது வீரத்துக்கு உவமை. பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குகிறது. அது கூர்மைக்கு உவமை. செத்ததைத் தின்பது மட்டும் இழிவு. கொல்வது பெருமை, கொன்றதன் பின்வேலையைச் செய்வது இழிவு என்கிற இந்த மதிப்பீடு இயற்கையில் எங்கும் இல்லை. அது ஊரில் இருக்கிறது. செத்த மாட்டை யார் தூக்கிப்போவது என்று இந்த நாட்டின் ஊர்கள் பல நூற்றாண்டுகளாக ஒரு விதி வைத்திருந்தன. தூக்கச் சொன்னதும் ஊர்தான். தூக்கியதற்காகச் சேரிக்கு ஒதுக்கியதும் ஊர்தான். மனிதரையும் பறவையையும் நான் ஒப்பிடவில்லை. அப்படி ஒப்பிட்டது அந்த விதிதான். 2016 ஜூலையில் குசராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதன்பின் அம்மாநிலத்தில் தலித்துகள் பலர் இனிச் செத்த மாட்டைத் தொடமாட்டோம் என்று அறிவித்து, பிணங்களை அரசு அலுவலகத்தின் முன்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள். உங்கள் தாய், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள். மாடு யாருடையது, பிணம் யாருடையது என்ற கேள்வி அன்று தெருவில் கிடந்து நாறியது.

'பிணந்தின்னி' என்ற வசவு இந்த மண்ணில் விளைந்தது. பிறர் பிணத்தைக் கையாள்வது தீட்டு என்ற எண்ணமே அதற்கு உயிர் கொடுக்கிறது. அதை மேடையில் முழங்குகிற முற்போக்கு நண்பர்களுக்கு, தாம் எந்தக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

* * *

எதிர்வாதங்கள் வரும். வரட்டும்.

முதலாவது: "இது அறிவியலின் வேலை. இலக்கியத்துக்கு இதில் என்ன?" இதற்கு விடை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. கருப்பொருள்களை வரிசைப்படுத்தும் நூற்பாவில் தெய்வத்துக்கு அடுத்து வருவது உணவு. விலங்கும் மரமும் பறவையும் அதன் பின்னரே. ஒரு நிலத்தை அறிய அங்கே யார் என்ன உண்கிறார் என்று முதலில் கேள் என்பதாகவே நான் அதைப் படிக்கிறேன். நாம் அதைப் பட்டியலாக்கி, ஐந்து மதிப்பெண் வினாவாக்கி, மனப்பாடம் செய்விக்கிறோம். பாலை: உணவு, வழிப்பறியில் கிடைத்தவை, பறவை, புறா, பருந்து, எருவை, கழுகு. மாணவர் அப்படியே எழுதுகிறார், நாமும் அப்படியே மதிப்பெண் இடுகிறோம். இந்த இரண்டு கட்டங்களுக்கும் இடையே ஒரு பிணம் கிடப்பதை மாணவரும் பார்ப்பதில்லை, ஆசிரியரும் பார்ப்பதில்லை. பாலைப் பாடல்களை எடுத்துப் படியுங்கள். மழையில்லை, விளைச்சலில்லை, பசித்தவன் வழிப்போக்கனை அம்பெய்து வீழ்த்துகிறான், வீழ்ந்தவனின் தசையை எருவை தன் குஞ்சுக்குக் கொண்டுபோகிறது. மனிதனின் உணவுக் கட்டமும் பறவைக் கட்டமும் அங்கே ஒரே வரிசையாகிவிடுகின்றன. வறட்சி, பசி, கொலை, குஞ்சின் பசி எனத் தொடரும் அந்தச் சங்கிலியை, இழிவு கற்பிக்காமல், கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் அந்தப் புலவர்கள் பார்த்தார்கள். அகநானூற்றில் ஒரு புலவர் எருவையின் செவி சிவப்பு என்று கூடச் சொல்லிவிட்டுப் போகிறார். தலையின் இருபுறமும் சிவந்த தோல்மடல் தொங்கும் செம்முகப் பாறைப் பார்த்தவர்களுக்கு அந்த அடைமொழி எவ்வளவு துல்லியமானதென்று புரியும். நம் குறிப்புரைகளில் என்ன இருக்கிறது? 'எருவை: ஒருவகைப் பறவை.'

இரண்டாவது வாதம் இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வரும்: "பார்த்தீர்களா, சங்கப் புலவர்கள் அன்றே சூழலியல் அறிந்தவர்கள்!" இந்த மார்தட்டலையும் நான் ஏற்கவில்லை. அவர்கள் பார்த்தார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. நாம் பார்க்கவில்லை என்பதற்கு அது மறைப்பாகாது. பாட்டன் கண்ணாடி வீட்டில் இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு கண்ணை மூடி நடப்பவனுக்கு என்ன பெயர்? பி.எல்.சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்று ஒரு நூலே எழுதினார். மா.கிருஷ்ணனும் சு.தியடோர் பாஸ்கரனும் காட்டுயிர் பற்றித் தமிழில் எழுதி வழிகாட்டினார்கள். தமிழ்த்துறைகளில் எத்தனை பேர் இவற்றைப் பாடம் நடத்தும் மேசைக்குக் கொண்டுபோகிறோம்?

மூன்றாவது: "கவிஞர்கள் பாடியிருந்தால் பாறுகள் பிழைத்திருக்குமா?" பிழைத்திருக்காது. மருந்தை விற்றவர் கவிதை படிப்பவரல்லர். மாட்டுக்கு ஊசி போடச்சொன்ன விவசாயியும் குற்றவாளியல்லர். வலியில் கிடந்த மாட்டின்மேல் இரக்கப்பட்டவர் அவர். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கோடிக்கணக்கான பறவைகள் வானத்திலிருந்து மறைந்துகொண்டிருந்த அந்தப் பதினைந்து ஆண்டுகளில், சிட்டுக்குருவி குறைகிறதென்று கண்ணீர் வடித்தோம். செல்பேசிக் கோபுரத்தைச் சபித்தோம். கூட்டங்கூட்டமாக இறந்த பாறுக்கு எந்தச் சிற்றிதழ் இரங்கற்பா எழுதியதாக நீங்கள் நினைவுகூர்கிறீர்கள்? ஒன்று போய்விட்டது என்று சமூகத்துக்குத் தெரிய, அது முன்பு இருந்தது என்றாவது தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெரிதல் மொழியின் வேலை. அந்த வேலையை நாம் செய்யவில்லை. பெயரைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை. நாளிதழ்களில் பாறு ஒருநாள் கழுகாகவும், ஒருநாள் பருந்தாகவும், ஒருநாள் வல்லூறாகவும் வருகிறது. மூன்றும் வேறு பறவைகள். மூன்றின் உணவும் வேறு. 'பாறு' என்ற சொல்லை அகராதியிலிருந்து எடுத்து மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவர உழைத்தவர்களில் தமிழ்த்துறையைவிட, கோவையின் 'அருளகம்' போன்ற காட்டுயிர் அமைப்புகளே முன்னால் நிற்கின்றன. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

நான்காவது: "மொழிக் காவலராக வருகிறீர்களா? ஒரு வசவுச்சொல்லுக்குக்கூட அனுமதி வாங்க வேண்டுமா?" வேண்டாம். தாராளமாகத் திட்டுங்கள். திட்டு பொருந்தட்டும் என்பதுதான் கோரிக்கை. பிறர் உழைப்பை உயிரோடு உறிஞ்சுபவரை அட்டை என்று சொல்லுங்கள், பொருந்துகிறது. அட்டையின் தரப்பில் வேறு யாரேனும் வழக்காடட்டும். கொல்பவரைக் கொலைகாரர் என்றே சொல்லலாமே. ஒரு பறவையை ஏன் இழுக்கிறீர்கள்?

* * *

இன்னும் எல்லாம் முடிந்துவிடவில்லை. கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தருவதை அரசு 2006இல் தடைசெய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால், 2015இல் குப்பியின் அளவு மூன்று மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவற்றைக் கால்நடைகளுக்குத் தரவும் 2023இல் தடை வந்தது. மெலாக்சிகம் என்ற மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது என்று 2006இலேயே தெரிந்துவிட்டது. அரியானாவின் பிஞ்சோரில் பாறுகளைக் கூண்டில் வளர்த்துப் பெருக்குகிறார்கள்.

தமிழ்நாட்டில், மாயாற்றுப் பள்ளத்தாக்கில், நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடுகட்டுகின்றன. முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாடு எல்லாம் சேர்ந்த அந்தக் காட்டுப்பரப்பில் எஞ்சியிருப்பவை சில நூறுதான். அங்கே அவை பிழைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், மருந்தேறாத இரை: புலியும் செந்நாயும் தின்று விட்டுப்போன கடமானின், காட்டெருமையின் மிச்சம். ஊருக்குள் வந்து மாட்டைக் கொன்ற புலிக்கு யாரேனும் அந்த மாட்டின் உடலில் நஞ்சு வைத்தால் புலியோடு பாறும் சாகும். புலி இருந்தால் பாறு. மான் இருந்தால் புலி. புல் இருந்தால் மான். மானின் வயிற்றில் அந்த நுண்ணுயிர்கள் இருந்தால்தான் அதற்குப் புல் உணவு. இதில் அழகானது எது, அருவருப்பானது எது என்று பிரிக்க ஒரு கத்தி இருந்தால் எனக்கும் காட்டுங்கள்.

பசியைப் பாடிய மொழி நம்முடையது. உணவு கொடுத்தவர் உயிர் கொடுத்தவர் என்ற எண்ணம் புறநானூற்றிலும் வருகிறது, மணிமேகலையிலும் வருகிறது. எத்தனை உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் நோயால் வாடிய காயசண்டிகையை நாம் மறக்கவில்லை. ஆனால் பசியை மனிதரோடு நிறுத்திக்கொண்டோம். மற்ற உயிர்களின் பசியைக் காட்சியாக்கிவிட்டோம். அதுவும் அழகான காட்சியாக இருந்தால் மட்டும்.

நானும் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக 'எருவை, ஒருவகைக் கழுகு' என்று எழுதச்சொல்லி வகுப்பு நடத்தியவன்தான். இந்தப் பருவத்தேர்வுக்கு முந்தைய உள்தேர்வில் வினாவை மாற்றினேன். 'பாலையின் கருப்பொருள்களைப் பட்டியலிடுக' என்பதற்குப் பதிலாக, 'பாலையில் யார் யாரை உண்கிறார்? பாடல்களிலிருந்து காட்டுக' என்று கேட்டேன். விடைத்தாள்கள் குழப்பமாக இருந்தன, சிலர் கோபித்துக்கொண்டார்கள், வினா பாடத்திட்டத்தில் இல்லை என்று துறையிலும் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு மாணவி மட்டும் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'எங்கள் ஊரில் செத்த மாட்டைப் போடும் ஓடையில் இப்போது நாய்கள்தான் இருக்கின்றன ஐயா. எருவை எப்படி இருக்கும்?'

அவளுக்கு மாயாற்றில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டும் இதே வினாவைக் கேட்பதாக இருக்கிறேன்.